ஒரே சமன்பாட்டில் நிலா, போபோஸ், புதன்: கணினியில் ஓத விசையை ஓட்டிப் பார்த்த குறிப்புகள்

ஓதம் என்றதும் கடல் ஏறி இறங்குவதுதான் நினைவுக்கு வரும். அதே விசைதான் நிலாவை ஆண்டுக்கு 3.8 செ.மீ. பூமியிடமிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. செவ்வாயின் துணைக்கோள் ஒன்றைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. புதன் மூன்று முறை தன்னைத்தானே சுற்றுவதற்குள் சூரியனைச் சரியாக இரண்டு முறை சுற்றி வருவதற்கும் அதுதான் அடிப்படைக் காரணம். இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டை வைத்துக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நிரல் மொழி பைத்தான், எண் கணக்குக்கு நம்பை, படம் வரைய மேட்பிளாட்லிப், வேகத்துக்கு நம்பா. சாதாரண மடிக்கணினியே போதும்.

முதலில் விசையின் அளவு. நிலா பூமியின் அருகுப் பக்கத்தை மையத்தைவிடக் கொஞ்சம் வலுவாக இழுக்கிறது, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் மெலிதாக. இந்த வித்தியாசம்தான் ஓத விசை. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது, வித்தியாசம் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சூரியனின் நிறை நிலாவின் நிறையைப் போல 2.7 கோடி மடங்கு. தொலைவு 389 மடங்குதான். ஆனாலும் 389-ஐ மும்மடியாக்கினால் ஏறத்தாழ 5.9 கோடி வந்துவிடுகிறது. அதனால் சூரியனின் ஓத விசை நிலாவினுடையதில் 0.46 பங்குதான். நிலா தருவதும் ஒன்றும் பெரிதல்ல, பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் 90 லட்சத்தில் ஒரு பங்கு.

இதோடு நின்றால் சுற்றுப்பாதையும் மாறாது, சுழற்சியும் மாறாது. இந்த விசையால் பூமி நிலாவின் பக்கமும் எதிர்ப்பக்கமும் லேசாகப் புடைக்கிறது. அந்தப் புடைப்பு நிலாவை நேராகப் பார்த்தபடி இருந்தால் அதைப் பிடித்துத் திருப்ப எந்த விசையும் இல்லை. வேலையைச் செய்வது உராய்வு. பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, நிலாவுக்கு 27.3 நாள் ஆகிறது. நீரும் பாறையும் உடனுக்குடன் வளைந்து கொடுப்பதில்லை. ஆக, புடைப்பு பூமியின் சுழற்சியோடு கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது. முன்னால் போன புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது, நிலா அந்தப் புடைப்பைப் பின்னோக்கி இழுக்கிறது. பூமி இழக்கும் கோண உந்தம் (சுழலும் இயக்கத்தின் அளவு) அப்படியே நிலாவின் சுற்றுப்பாதைக்குப் போகிறது. நாள் நீள்கிறது, நிலா விலகுகிறது.

இதை நிரலாக்க இரண்டு எண்கள் போதும். ஒன்று லவ் எண்: கோள் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது. இன்னொன்று கியூ: ஒரு சுழற்சியில் எவ்வளவு குறைவாக ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்பது. கியூ பெரிதானால் உராய்வு குறைவு, புடைப்பின் விலகல் கோணமும் சிறியது. பூமிக்கு லவ் எண் 0.3, கியூ இன்றைய நிலையில் 12 அளவில். புடைப்பின் உயரம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும், அந்தப் புடைப்பை நிலா பிடித்துத் திருப்பும் விசை இன்னொரு மும்மடிக்கு ஏற்பக் குறையும். இரண்டும் பெருகி ஆறாம் படி. தொலைவைப் பாதியாக்கினால் திருப்பு விசை 64 மடங்கு. பின்னால் வரும் கதைகளில் பாதி இந்த ஆறாம் படிக்குள்தான் இருக்கிறது.

அடுத்தது காலக் கணக்கு. நிலாவின் ஒவ்வொரு சுற்றையும் 500 படிகளாக வெட்டி 450 கோடி ஆண்டுகளுக்கு ஓட்டினால் ஏறத்தாழ 30 லட்சம் கோடி படிகள். நம்பா வந்தாலும் யார் வந்தாலும் நடக்காது. அதனால் இரண்டு நிரல்கள் எழுதினேன். முதலாவது, ஒவ்வொரு சுற்றையும் பார்க்காமல் சராசரி எடுத்து, தொலைவு, சுழற்சி வேகம் இரண்டை மட்டும் நகர்த்துவது. இதில் ஒரு படிக்கு லட்சம் ஆண்டு வைத்தாலும் பரவாயில்லை, முழு ஓட்டமும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது, கோள் ஒவ்வொரு கணமும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது வரை பின்தொடர்வது. அது புதனுக்காக.

முதல் நிரலுக்கு நல்ல சோதனை, மொத்தக் கோண உந்தம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்றைக்கு அதில் 83 சதவீதம் நிலாவின் சுற்றுப்பாதையில் இருக்கிறது, மிச்சம் பூமியின் சுழற்சியில். ஓட்டம் முழுவதும் கூட்டுத்தொகை அசையக் கூடாது. அசையவில்லை. நிலா ஆண்டுக்கு 3.7 செ.மீ. விலகுவதாக நிரல் சொன்னது. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களிலும் சோவியத் லூனோகோட் வண்டிகளின் எதிரொளிப்பான்களிலும் லேசரை அடித்துத் திரும்பும் நேரத்தை அளந்து கிடைப்பது 3.8. கியூவுக்கு 12 என்று வைத்ததே இந்த அளவீட்டை ஒட்டித்தான் என்பதால் இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். சமன்பாட்டைச் சரியாகத் தட்டச்சு செய்திருக்கிறேன் என்பதற்கு மட்டுமே இது சான்று.

எதிர்காலத்துக்கு ஓட்டினால், பூமியின் நாளும் நிலாவின் மாதமும் ஒன்றாகி இன்றைய கணக்கில் 47 நாளில் நிற்கின்றன. நிலா அப்போது 5.5 லட்சம் கி.மீ. தொலைவில். பூமியின் ஒரு பாதியில் மட்டும் நிலா தெரியும், மறுபாதிக்கு நிலாவே இல்லை. புளூட்டோவும் சாரனும் இன்றைக்கே இப்படித்தான், 6.4 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று பார்த்தபடி சுற்றுகின்றன. பூமிக்கு அந்த நிலை வர என் நிரல் 1,500 கோடி ஆண்டுகளுக்கு மேல் கேட்கிறது. அதற்கு வெகு முன்பே, இன்னும் 500 கோடி ஆண்டுகளில், சூரியன் செம்பூதமாகி ஆட்டத்தைக் கலைத்துவிடும். ஆக, இந்த வரைபடத்தின் வலது பக்கம் அழகுக்கு மட்டும்தான்.

சுவையான பக்கம் இடது பக்கம். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினேன். நிலா நெருங்க நெருங்க ஆறாம் படி வேலையைக் காட்டுகிறது. வளைகோடு முதலில் சோம்பலாக இறங்கி, கடைசியில் செங்குத்தாக விழுகிறது. நிலா பூமியில் வந்து முட்டும் காலம் 156 கோடி ஆண்டுகளுக்கு முன்பு! நிலாவிலிருந்து கொண்டுவந்த பாறைகளின் வயதோ 400 கோடி ஆண்டுகளைத் தாண்டுகிறது. எங்கேயோ 300 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது.

எண் முறையில் கோளாறு இருக்கலாமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை, ஏனென்றால் இதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். இன்றைய தொலைவை இன்றைய விலகு வேகத்தால் வகுத்து, 13-இல் 2 பங்கு எடுத்தால் அதே எண்தான். சிக்கல் கியூவில் இருக்கிறது. அதை மாறாத எண்ணாக வைத்திருக்கிறேன். இந்த இடத்தில் பாறைகளிடமும் பவளங்களிடமும் கேட்கலாம். 1963-இல் ஜான் வெல்ஸ், டெவோனியன் காலப் பவளங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அன்றைய ஆண்டில் ஏறத்தாழ 400 நாள் இருந்தது என்றார். ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது. ஆண்டின் நீளம் மாறவில்லை, நாள்தான் குட்டையாக இருந்தது. என் நிரல் அந்தக் காலத்துக்கு 403 நாள் தருகிறது. சூரியனின் ஓதத்தையும் சேர்த்தால் 411 வரை போகிறது. பவளக் கோடுகளை எண்ணுவதில் உள்ள தடுமாற்றத்தை நினைத்தால், பரவாயில்லை.

இன்னும் பின்னால் போனால் பிடி விடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் எலட்டினா பாறைப் படிவுகளில் ஓத ஏற்ற இறக்கமே மெல்லிய அடுக்குகளாகப் பதிந்திருக்கிறது. ஜார்ஜ் வில்லியம்ஸ் அவற்றை எண்ணி, 62 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் 21.9 மணி நேரம் என்று கணக்கிட்டார். என் நிரல் சொல்வது 20.2. சூரியனைச் சேர்த்தால் இன்னும் மோசம். அதாவது, பழங்காலப் பூமி இன்றைய பூமியைவிடக் குறைவாகவே உராய்ந்திருக்கிறது. 450 கோடி ஆண்டுகளில் நிலா இன்றைய இடத்துக்கு வரவேண்டுமானால், சராசரி கியூ 12 அல்ல, 34 அளவில் இருந்திருக்க வேண்டும்.

உராய்வின் பெரும்பகுதி நடப்பது பாறைக்குள் அல்ல, கடலில். ஆழம் குறைந்த கரையோரக் கடல்களில் நீர் தரையை உரசுகிறது. செயற்கைக்கோள் உயர அளவீடுகளின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆழ்கடலில், மலைத்தொடர்களின் மேல் நீர் தடுமாறும்போது இழக்கப்படுகிறது. எவ்வளவு உரசும் என்பது கடல் படுகையின் வடிவத்தைப் பொறுத்தது. இன்றைய அட்லாண்டிக்கின் இயல்பான அலைவு நேரம், அரைநாள் ஓதத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. அதனால் அது தேவைக்கு அதிகமாக ஆடுகிறது. கண்டங்கள் வேறு இடத்தில் இருந்தபோது, நாளும் குட்டையாக இருந்தபோது, அந்தப் பொருத்தம் இல்லை. கோள்களின் சுற்றுப்பாதையைக் கணக்கிட உட்கார்ந்தவனுக்கு, 62 கோடி ஆண்டுகளுக்கு முன் எந்தக் கண்டம் எங்கே இருந்தது என்ற வரைபடம் தேவைப்படுகிறது. கியூ என்பது அளந்து எழுதிய மாறிலி என்று இனி நான் நம்பப் போவதில்லை. நமக்குத் தெரியாததை எல்லாம் போட்டு மூடி வைக்கும் இடம் அது.

செவ்வாய்க்கு நிரலை மாற்றுவது சுலபம், கூட்டலா கழித்தலா என்ற ஒரு குறிதான் முக்கியம். போபோஸ் செவ்வாயின் மையத்திலிருந்து 9,376 கி.மீ. தொலைவில் 7.65 மணி நேரத்துக்கு ஒரு சுற்று போகிறது. செவ்வாயின் ஒரு சுழற்சிக்கு 24.6 மணி நேரம். இங்கே துணைக்கோள்தான் வேகம், செவ்வாய் மெது. புடைப்பு முன்னால் போவதற்குப் பதில் பின்தங்குகிறது, போபோஸைப் பின்னோக்கி இழுக்கிறது. லவ் எண் 0.17, கியூ 90 என்று கொடுத்ததில் 3.6 கோடி ஆண்டுகளில் விழுந்துவிடும் என்று வந்தது. பொதுவாகச் சொல்லப்படும் 3 முதல் 5 கோடிக்குள் இது அடங்குகிறது. உண்மையில் தரையைத் தொடும் முன்பே ஓத விசை அதைச் சிதறடித்துவிட வாய்ப்பு அதிகம். இன்னொரு துணைக்கோளான டெய்மோஸ் 23,460 கி.மீ. தொலைவில், செவ்வாயின் சுழற்சிக்கு ஈடான 20,400 கி.மீ. எல்லைக்கு வெளியே இருக்கிறது. அது நிலாவைப் போல மெல்ல விலகுகிறது. ஒரே கோள், ஒரே உராய்வு. எல்லைக்கு உள்ளே இருந்தால் விழுவது, வெளியே இருந்தால் விலகுவது, அவ்வளவுதான்.

சரி, புதன். இங்கேதான் அதிக நேரம் போனது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி, புதன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று முடிவு செய்தார். ஓதக் கோட்பாடும் அதையே எதிர்பார்த்ததால் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. 1965-இல் கோர்டன் பெட்டெங்கிலும் ரால்ஃப் டைசும் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் ரேடாரால் அளந்தபோது 59 நாள் என்று வந்தது. இன்றைய துல்லியமான எண் 58.65 நாள். சுற்றுக்காலம் 87.97 நாள். விகிதம் 3-க்கு 2, அதாவது 1.5.

புதனின் பாதை நன்றாக நீண்டது, மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு, வட்டத்துக்குப் பூஜ்யம்) 0.2056. ஓத விசை ஆறாம் படி என்பதால் சூரியனுக்கு அருகே வரும்போதுதான் உராய்வு கடுமையாக வேலை செய்கிறது. அந்த இடத்தில் புதன் சுற்றுப்பாதையில் வேகமாகவும் போகிறது. உராய்வு அந்த வேகத்துக்கு ஈடாகச் சுழற்சியை வைத்திருக்கப் பார்க்கிறது. அதனால் சுழற்சி ஒன்றுக்கு ஒன்று என்ற நிலைக்கு வராமல், அதைவிடச் சற்று வேகமான இடத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு என்று நிரல் சொன்னது: சுற்று வேகத்தைப் போல 1.256 மடங்கு. நாள் கணக்கில் 70. உண்மையோ 58.65. உராய்வு மட்டும் இருந்தால் புதன் 1.5-இல் நிற்காமல் கடந்து இறங்கிவிடும்.

ஆகவே இரண்டாவது நிரலில் இன்னொன்றையும் சேர்த்தேன். புதன் சரியான உருண்டை அல்ல. ஓதத்தால் எழும் புடைப்பு தவிர, நிரந்தரமான ஒரு நீள்அச்சும் மிக லேசாக உண்டு. நடுக்கோட்டுத் தளத்தின் இரண்டு நிலைமத் திருப்புத்திறன்களுக்கும் (சுழற்றுவதற்கு எவ்வளவு எதிர்ப்பு என்ற அளவு) உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. நான் பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்தேன். சூரியன் இந்த நீள்அச்சைப் பிடித்து இழுப்பதால் ஓர் ஊசலின் சமன்பாடு கிடைக்கிறது. சுழற்சி 1.5-க்கு அருகே வந்தால், சூரியனுக்கு மிக அருகே வரும் ஒவ்வொரு முறையும் (சூரிய அண்மைநிலை) நீள்அச்சின் ஏதோ ஒரு முனை சூரியனைப் பார்த்து நிற்கும். ஒரு சுற்றில் ஒரு முனை, அடுத்த சுற்றில் மறுமுனை. அங்கே ஊசல் சிக்கிக்கொள்ள முடியும்.

நிரலில் சில வேலைகள் உதவின. சுற்றுப்பாதை மாறாததால், எந்த நேரத்தில் கோள் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்லும் கெப்ளர் சமன்பாட்டை ஒவ்வொரு படியிலும் தீர்க்கத் தேவையில்லை. ஒரு முழுச் சுற்றுக்கும் தொலைவையும் கோணத்தையும் ஒரு முறை கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டேன். படிப்படியாக நகர்த்த நான் எடுத்த நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறை அரைப்படியிலும் மதிப்பு கேட்கும் என்பதால், அட்டவணையில் இரண்டு மடங்கு புள்ளிகள் இருக்க வேண்டும். பிறகு உராய்வைப் பூஜ்யமாக்கி நீண்ட நேரம் ஓட்டிப் பார்ப்பது அவசியம். எண் முறையே தன் பங்குக்கு ஆற்றலைக் கொஞ்சம் விழுங்கும். அது ஓத உராய்வைவிட மிகச் சிறியதாக இல்லாவிட்டால், நாம் பார்ப்பது புதனை அல்ல, நிரலின் பிழையைத்தான். ஊசல் சரியாக ஆடுகிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு: வட்டப் பாதையில், உராய்வின்றி, ஒன்றுக்கு ஒன்று நிலையில் சிறு அலைவு 58 சுற்றுக்கு ஒரு முறை வர வேண்டும். வந்தது.

புதனின் உண்மையான உராய்வு, ஊசலின் பிடிப்பைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெலிது. அப்படியே ஓட்டினால் 2-இலிருந்து 1.5 வரை இறங்கவே பல லட்சம் சுற்றுகள் ஆகும். உராய்வை ஆயிரம் மடங்கு கூட்டினேன். இதற்கு மேல் கூட்டக் கூடாது. உராய்வு ஊசலின் பிடிப்பை எட்டிவிட்டால் எதுவுமே சிக்காது, சுழற்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். வேகமாக முடிய வேண்டும் என்ற ஆசைக்கு இயற்பியல் போடும் எல்லை அது.

தொடக்கக் கோணத்தை மட்டும் மாற்றி நிறைய ஓட்டங்கள் விட்டேன். பெரும்பாலானவை 1.5-ஐக் கண்டுகொள்ளாமல் கடந்து 1.256-இல் போய் அமர்ந்தன. ஒரு சிறு பங்கு மட்டும் சிக்கியது. 1.5-ஐக் கடக்கும் கணத்தில் ஊசல் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. இதை 1966-இலேயே கோல்ட்ரைக்கும் பீலும் தாளில் கணக்கிட்டு, இந்த வகை உராய்வுக்கு வாய்ப்பு 7 சதவீதம் அளவில்தான் என்று காட்டியிருந்தார்கள். நம் புதன் அந்த 7-இல் ஒன்று என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மனம் ஒப்பவில்லை.

2004-இல் கொரையாவும் லாஸ்கரும் சொன்ன வழியை முயன்றேன். மற்ற கோள்களின் இழுப்பால் புதனின் மையத்தொலைத்தகவு நிலையாக இருப்பதில்லை. நீண்ட காலத்தில் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 0.45 வரை கூட அலையக்கூடும். தகவை 0.285-க்கு உயர்த்தினால், உராய்வு தேடும் வேகமே சரியாக 1.5 ஆகிவிடுகிறது. அதற்கு மேலே போனால், ஏற்கெனவே 1.256-க்கு இறங்கியிருந்த புதன் மறுபடி மேலே ஏறி 1.5-ஐக் கீழிருந்து கடக்கிறது. தகவு குறைந்தால் மேலிருந்து திரும்பக் கடக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சிக்க ஒரு வாய்ப்பு. நிரலில் தகவை மெதுவாக ஏற்றி இறக்கியதும் சிக்கும் ஓட்டங்களின் பங்கு கண்கூடாகக் கூடியது. அவர்கள் கணக்கில் வந்தது 55 சதவீதம். இந்த முறையில் அட்டவணைத் தந்திரம் செல்லாது, தகவு மாற மாற அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஓட்டம் மெதுவாகிவிட்டது.

இரண்டு நிரல்களிலும் உராய்வைப் பற்றிய அனுமானம் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலாவுக்குக் கியூ மாறாதது, புதனுக்குப் புடைப்பு பின்தங்கும் நேரம் மாறாதது. பாறை இரண்டில் எதையும் அப்படியே பின்பற்றுவதில்லை. 7 சதவீதம் என்ற எண்ணே அனுமானத்தை மாற்றினால் மாறும்.

அப்புறம் ஒரு விளையாட்டு. அதே நிரலில் நிலைமத் திருப்புத்திறன் வித்தியாசத்தைப் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து 0.26-க்கு உயர்த்தி, தகவை 0.1 என்று வைத்தால் சனியின் ஹைபீரியன். கண்டபடி நீண்டு கிடக்கும் ஒரு துணைக்கோள் அது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அதன் கோணத்தையும் சுழற்சி வேகத்தையும் புள்ளியாகக் குறித்தேன். புதனுக்கு இதே படத்தில் ஒழுங்கான வளையங்கள் வந்தன. இங்கே புள்ளிகள் தாள் முழுக்க இறைந்து கிடந்தன. தொடக்கக் கோணத்தைக் கடைசித் தசம இடத்தில் மாற்றினாலும் சில பத்துச் சுற்றுகளில் முற்றிலும் வேறு சுழற்சி. 1984-இல் விஸ்டம், பீல், மிக்னார் மூவரும் ஹைபீரியன் இப்படித்தான் தாறுமாறாகப் புரண்டுகொண்டிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் வந்த அளவீடுகள் அதை உறுதி செய்தன.

வெள்ளியையும் கொடுத்துப் பார்த்தேன். அதன் பாதை கிட்டத்தட்ட வட்டம், தகவு 0.007. நிரல் அதை 224.7 நாளில், சூரியனுக்கு ஒரே முகம் காட்டும் நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உண்மையான வெள்ளி 243 நாளுக்கு ஒரு முறை எதிர்த்திசையில் சுழல்கிறது. அதன் கனத்த வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால், காற்றின் நிறை பகுதிக்குப் பகுதி ஏறி இறங்கி, இன்னொரு ஓதம் உண்டாகிறது. அது பாறையின் ஓதத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்புகிறது. 1969-இல் கோல்டும் சோட்டரும் இந்த யோசனையை வைத்தார்கள். என் நிரலில் அந்த உறுப்பு இன்னும் இல்லை. திருப்பு விசையை எழுதும் செயற்கூறில் அதற்கென்று ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.